எடை மட்டும் போட்டால் போதுமா? ரோபோ சர்ஜனின் திறனை அளக்கும் முறைகள்

கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒருவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று உறுதியாகிறது. உள்ளூர் டாக்டர் கோவைக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். அங்கே ரோபோவில் செய்கிறார்கள் என்று சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார். அடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அந்த டாக்டர் எத்தனை கேஸ் செஞ்சிருக்கார்?" மருத்துவமனை வாசலில் உள்ள பலகையும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருக்கும்.

தேயிலையை நம்பி இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வியில் உள்ள ஓட்டையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து மூட்டை தராசில் 40 கிலோ காட்டும். அதில் இரண்டு இலையும் மொட்டும் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு, மழைத்தண்ணீர் எவ்வளவு என்று தராசு சொல்லாது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, கீழே விரித்துப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ரோபோ சர்ஜன்களை மதிப்பிடும் முறைகளும் இந்த வேலையைத்தான் செய்யப் பார்க்கின்றன. யார் அள்ளுவது, மூட்டையின் எந்தப் பக்கத்திலிருந்து அள்ளுவது என்பதில்தான் தகராறு முழுவதும்.

முதலில் உரிமம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000 ஜூலையில் டா வின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவுக்கு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி கருவிக்கு உரியது. கருவியை இயக்கும் கைக்கு யார் பொறுப்பு என்பதை அது தொடவில்லை. இந்தியாவிலும் ரோபோவை இயக்கும் சர்ஜனுக்கென்று சட்டப்படி தனி உரிமம் கிடையாது. எம்.எஸ்., எம்.சி.எச். முடித்த சர்ஜனை ரோபோவில் அனுமதிக்கலாமா என்று அந்தந்த மருத்துவமனைதான் தீர்மானிக்கிறது. சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ரோபோ வந்தது. குருகிராமில் தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா மாதிரியான உள்நாட்டுக் கருவிகளும் வந்துவிட்டன. கருவிகள் பெருகுகிற வேகத்துக்குத் தேர்வுமுறை பெருகவில்லை.

கம்பெனி கொடுக்கும் பயிற்சி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: இணையப் பாடம், சிமுலேட்டர் எனப்படும் கணினிப் பயிற்சிக் கருவியில் சில மணி நேரம், ஓரிரு நாள் ஆய்வகப் பயிற்சி, பிறகு ப்ராக்டர் எனப்படும் மூத்த சர்ஜன் பக்கத்தில் நிற்க முதல் சில கேஸ்கள். முடிவில் ஒரு சான்றிதழ். எந்த மிதியை அழுத்தினால் எது நகரும் என்று இவருக்குத் தெரியும், அவ்வளவுதான் அதன் பொருள். ஓட்டுநர் உரிமம் எடுத்தவரை மறுநாளே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டச் சொல்ல மாட்டோம்.

இது வெறும் அச்சமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2008-ல் ஒரு சர்ஜன், ப்ராக்டர் மேற்பார்வையில் இரண்டு கேஸ் முடித்துவிட்டு, முதன்முதலாகத் தனியே ஒரு புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்தார். நோயாளி உடல் பருமன் உள்ளவர். தொடக்கத்தில் எடுக்கக்கூடாத வகை. சிக்கலாகி, வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், கருவியின் அபாயங்களை வாங்கும் மருத்துவமனைக்கும் எச்சரிக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2017-ல் தீர்ப்பானது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 2015-ல் ரோபோவில் இதய வால்வைச் சரிசெய்துகொண்ட நோயாளி சில நாளில் இறந்தார். ப்ராக்டர்களாக வந்தவர்கள் பாதியிலேயே ஆபரேஷன் தியேட்டரை விட்டுப் போயிருந்தார்கள் என்பது 2018 விசாரணையில் தெரியவந்தது. ப்ராக்டர் எப்போது வந்தார், எப்போது போனார், தேவைப்பட்டால் தானே கை வைக்க அவருக்கு அந்த மருத்துவமனையில் அனுமதி உண்டா என்ற மூன்றும் தியேட்டர் குறிப்பில் இல்லையென்றால் "மேற்பார்வையில் செய்தது" என்ற வரிக்கு மதிப்பில்லை. அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கருவி விற்ற கம்பெனியே தருகிறது என்றால், "இவர் இன்னும் தயாராகவில்லை" என்று எழுத அவருக்குக் கை வருமா?

கை அறியாததைக் கண் அறிவது

இருபது வருடம் வயிற்றைத் திறந்து செய்தவர், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்வதில்) கைதேர்ந்தவர், ரோபோவில் ஏன் மறுபடி கற்க வேண்டும்? முதல் காரணம் தொடு உணர்வு. டா வின்சியின் எக்ஸ்ஐ வரையிலான மாடல்களில் கருவிமுனை எவ்வளவு அழுத்துகிறது என்பது விரலுக்குத் தெரியாது. 2024-ல் அனுமதி பெற்ற டா வின்சி 5-ல்தான், அதுவும் குறிப்பிட்ட சில கருவிகளில், விசையை உணரும் வசதி வந்தது. அதுவரை கண்ணால்தான் தொட வேண்டும். திசு வெளுக்கிறதா, குடல் சுவர் எவ்வளவு உள்வாங்குகிறது, நூல் விறைத்து நேர்கோடாகிறதா என்று பார்த்தே இழுவையைக் கணிக்க வேண்டும். இதைப் பழகாதவர் முடிச்சுப் போடும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கும். பழையவர்களுக்கும் அறும், ஆனால் அபூர்வம்.

இரண்டாவது, திரைக்கு வெளியே நிற்கும் கருவி. கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் படம் பெரிதாகும், பார்வை எல்லை சுருங்கும். ரோபோவின் மூன்றாவது கருவிக் கை எங்கேயோ குடலைப் பிடித்தபடி நிற்கும். அதை மறந்துவிட்டுக் கையை அசைத்தால் கிழிவது கண்ணில் படாது. மூன்றாவது காரணம் கிளட்ச். கன்சோலில், அதாவது சர்ஜன் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் இடத்தில், கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் நிலை வந்தால் மிதியை அழுத்தி, கருவியை அசைக்காமல் கையை மட்டும் வசதியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர் கிளட்ச் போட மறந்து முழங்கையைத் தூக்கிக்கொண்டு வேலை செய்வார். கன்சோலுக்குப் பின்னால் நின்று பார்த்தாலே ஆள் புதுசா பழசா என்று பாதி தெரிந்துவிடும்.

இவற்றைப் பழக சிமுலேட்டர். அது நேரத்தோடு, கருவிமுனை பயணித்த தூரத்தை சென்டிமீட்டரில் கணக்கிடும். கருவிகள் மோதிய எண்ணிக்கை, மிகை விசை, திரைக்கு வெளியே போன தூரம், கீழே விட்ட பொருள் எல்லாம் பதிவாகும். பயன் முழுவதும் எப்படித் தேறவைக்கிறோம் என்பதில் இருக்கிறது. "20 மணி நேரம் முடித்தார்" என்பது தராசுக் கணக்கு. அனுபவசாலிகள் எடுக்கும் சராசரி மதிப்பெண்ணை இலக்காக வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை அதைத் தொட்டால்தான் அடுத்த பயிற்சி என்று வைப்பதே சரி. ஒருவர் 6 மணி நேரத்தில் தொடுவார், இன்னொருவருக்கு 30 ஆகும். இரண்டு பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்புவதில்தான் தவறு. ஒரே மூச்சில் நாள் முழுக்கச் செய்வதைவிட, இடைவெளி விட்டு அரைமணி, ஒருமணி நேரமாகச் செய்வது கையில் நிற்கும். சில வாரங்கள் தொடாமல் விட்டால் புதியவரின் கை சரியும். ஆறு மாதம் கருவி பழுதாகிக் கிடந்த இடத்தில் மறுபடி தொடங்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

எஃப்ஆர்எஸ் எனப்படும் அடிப்படைப் பாடத்திட்டம் எந்தத் துறைச் சர்ஜனுக்கும் பொருந்தும்படி ஒரு சிறு குவிமாடத்தில் பயிற்சிகளை அமைத்தது: கருவியை இணைப்பது, வளையத்தைக் கோபுரத்திலிருந்து எடுத்து மாற்றுவது, முடிச்சு, தண்டவாளம் போல் தொடர் தையல், நான்காவது கையைப் (கேமராவையும் சேர்த்து எண்ணினால்) பயன்படுத்தி வெட்டுவது, வரைந்த வடிவத்தைப் பிரித்தெடுப்பது, ரத்தக்குழாயைச் சுட்டு அடைப்பது. அடித்தளத்துக்கு நல்லது. இதில் தேறியவருக்கு புராஸ்டேட் எடுக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை.

ஒரு பிடி அள்ளிப் பார்ப்பது

உண்மையான அறுவை சிகிச்சையின் வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட 2012-ல் வந்த அளவுகோல் கியர்ஸ். ஆழத்தைக் கணிப்பது, இரு கைகளையும் இணைத்துப் பயன்படுத்துவது, சிக்கனமான அசைவு, விசைக் கட்டுப்பாடு, பிறர் துணையின்றிச் செய்வது, ரோபோவைக் கையாள்வது என ஆறு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 30.

மதிப்பெண் எங்கே குறைகிறது என்று ஒரு தையலை வைத்துப் பார்க்கலாம். புராஸ்டேட்டை எடுத்தபின் சிறுநீர்ப்பையை மூத்திரக்குழாயோடு சேர்க்கும் தையல். ஊசியை முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். நுழையும்போது திசுவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றி ஊசியின் வளைவிலேயே வெளியே கொண்டுவர வேண்டும். ஊசியை நுனிக்கு அருகே பிடித்தவர் சுழற்ற இடமில்லாமல் தள்ளுவார். தள்ளினால் மூத்திரக்குழாயின் மெல்லிய சுவர் கீறும். அங்கே விசைக் கட்டுப்பாட்டில் 2. ஊசி வெளியே வந்த இடம் எதிர்பார்த்த இடம் இல்லை, திரும்ப எடுத்து மறுபடி குத்துகிறார்: ஆழக் கணிப்பில் 3, சிக்கனத்தில் 2. வலது கை போராடும்போது இடது கை சும்மா நிற்கிறது, குழாயின் விளிம்பை விரித்துக் காட்டவில்லை: இரு கை இணைப்பில் 2. கேமரா இன்னும் பழைய கோணத்தில் நிற்க, கருவிகளே பார்வையை மறைக்கின்றன: ரோபோ கையாளுதலில் 2. நாற்பது விநாடியில் இத்தனையும் தெரிந்துவிடும். கடைசியில் சிறுநீர்ப்பையில் சுமார் 150 மில்லி சலைன் செலுத்திப் பார்க்கும்போது கசியவில்லை என்றால் "தையல் நன்றாக அமைந்தது" என்று குறிப்பில் எழுதப்படும். வீடியோ வேறு கதை சொல்லும்.

அளவுகோலில் குறையும் உண்டு. "துணையின்றிச் செய்வது" என்பதை ஒலியில்லாத வீடியோவில் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் நின்றவர் ஒவ்வொரு அடியையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதனால் பலர் அதை விட்டுவிட்டு 25-க்கு மதிப்பிடுகிறார்கள். ஒரே ஆள் மதிப்பெண் போட்டால் கை இளகும் அல்லது இறுகும். பெயர் தெரியாமல் குறைந்தது இரண்டு பேர் பார்க்க வேண்டும். ரோபோவும் கேமராவும் பதிவுசெய்யும் அசைவுகளை வைத்துக் கணினியே மதிப்பெண் போடும் முயற்சிகளும் நடக்கின்றன. இத்துறையில் எல்லாரும் எடுத்தாளும் ஜிக்சாஸ் தரவுத்தொகுப்பு 2014-ல் வந்தது. அதில் இருப்பது எட்டு சர்ஜன்களின் மேஜைப் பயிற்சிதான். சுருக்கமான, வேகமான அசைவை அது கண்டுகொள்ளும். தவறான திசு அடுக்கில் சுருக்கமாகவும் வேகமாகவும் வெட்டுகிறவரைக் கண்டுகொள்ளுமா என்பது வேறு.

வீடியோவில் தெரிகிற திறன் நோயாளிக்கு உண்மையில் வித்தியாசம் செய்கிறதா? செய்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்யும் 20 சர்ஜன்கள் ஆளுக்கு ஒரு வீடியோ கொடுத்தார்கள். சக சர்ஜன்கள் பெயர் தெரியாமல் மதிப்பெண் போட்டார்கள். 2013-ல் வெளியான முடிவு: கடைசிக் கால்பகுதியினரின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல், முதல் கால்பகுதியினரிடம் 5.2 சதவீதம். அது லேப்ராஸ்கோப்பி, ரோபோ இல்லை. ஆனாலும் பாடம் பொது. அந்த வீடியோவைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சர்ஜன்களே என்பதைக் கவனிக்க வேண்டும். மூட்டையின் மேலே இருந்த நல்ல கொழுந்தை அவர்களே எடுத்துக் கொடுத்தும் வேறுபாடு தெரிந்தது. எனவே சர்ஜனை ரோபோவில் அனுமதிக்கும் மருத்துவமனைக் குழு கேட்க வேண்டியது "உங்கள் சிறந்த வீடியோ" இல்லை. தேதி வரிசைப்படி தொடர்ச்சியான ஐந்து கேஸ், வெட்டாமல்.

கன்சோலுக்கு வெளியே இருப்பவர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலில் நீராவி எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. 12 அடிக்கு 1 அடி ஏறும் இடத்தில் ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. முன்பெட்டியின் பிரேக்ஸ்மேன் கொடி காட்டுவதை வைத்துத்தான் வண்டி போகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். ரோபோ தியேட்டரும் அப்படித்தான். சர்ஜன் சில மீட்டர் தள்ளி கன்சோலுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். ரோபோ கை நோயாளியின் முகத்தில் அழுத்துகிறதா, முட்டியில் இடிக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. கட்டில் அருகே நிற்கும் உதவியாளரும் நர்ஸும்தான் சொல்ல வேண்டும். இவர்களை மதிப்பிடாமல் சர்ஜனை மட்டும் தேர்வு வைப்பது பிரேக்ஸ்மேனைப் பார்க்காமல் வண்டிக்கு அனுமதி கொடுப்பது.

இவர்களைச் சோதிக்கச் சிறந்த தேர்வு, ரத்தப்போக்கில் ரோபோவை அவசரமாகக் கழற்றும் ஒத்திகை. கடிகாரம் வைத்து, முன்னறிவிப்பில்லாமல். சர்ஜன் ஒரு கருவியால் ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்க, உதவியாளர் காஸ் துணியை உள்ளே அனுப்புகிறார். மயக்க மருந்து டாக்டருக்கு உரக்கச் சொல்லப்படுகிறது. வயிற்றுக்குள் செலுத்திய வாயு இருக்கும்வரை அதுவே ஓரளவு ரத்தத்தை அழுத்தும் என்பதால் அதை அவசரப்பட்டு வெளியேற்றக் கூடாது. சர்ஜன் கைகழுவிக் கட்டிலுக்கு வந்தபின் கருவிகளும் கேமராவும் உருவப்படுகின்றன, ரோபோ கைகள் போர்ட்டிலிருந்து (வயிற்றுச் சுவரில் செருகிய குழாயிலிருந்து) கழற்றப்படுகின்றன, ரோபோவின் வண்டி பின்னுக்கு இழுக்கப்படுகிறது. அதன் பிறகே கட்டிலை நேராக்கலாம். பதற்றத்தில் முதலில் கட்டிலைச் சாய்ப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை: நோயாளி நகர்வார், போர்ட் நகராது, வயிற்றுச் சுவர் கிழியும். மின்சாரம் போய்க் கருவியின் வாய் திசுவைக் கவ்வியபடி நின்றுவிட்டால் திறக்க ஒரு சிறு சாவி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று இரவுப் பணி நர்ஸிடம் கேட்டாலே அந்த மருத்துவமனையின் தயார்நிலை தெரிந்துவிடும்.

மூட்டையின் அடியில் இருப்பது

கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நோயாளி எப்படி ஆனார் என்பதுதான். அங்கும் எண்கள் ஏமாற்றும். 20 பேருக்குச் செய்து ஒருவருக்குக்கூடப் பெரிய சிக்கல் இல்லை என்றால் உண்மையான சிக்கல் விகிதம் பூஜ்யம் என்று ஆகாது. மூன்றை எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதிப்படி அது 15 சதவீதம் வரைகூட இருக்கலாம். 100 பேரில் யாருக்கும் இல்லை என்றால்தான் 3 சதவீதத்துக்குள் என்று சொல்லலாம்.

தொடர்ந்து கண்காணிக்க, தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டிலிருந்து வந்த கியூசம் கோடு உதவும். ஏற்கத்தக்க சிக்கல் விகிதம் 10 சதவீதம் என்று வைத்தால், சிக்கலில்லாத ஒவ்வொரு கேஸுக்கும் 0.1 கழிக்க வேண்டும், சிக்கலானதற்கு 0.9 கூட்ட வேண்டும். 20 கேஸில் இரண்டு சிக்கல் என்றால் கோடு மறுபடி பூஜ்யத்தில் நிற்கும். நான்கு என்றால் 3.6-ல் 1.6 போய் 2.0-க்கு ஏறியிருக்கும். ஏறத் தொடங்கும்போதே நிறுத்திப் பார்க்கலாம், வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு கேஸ் செய்பவருக்கு இந்தக் கோடு எதையும் சொல்லாது. அதுவே ஒரு தகவல்.

எந்த முடிவை அளக்கிறோம் என்பதும் முக்கியம். நேரமும் ரத்த இழப்பும் சில டஜன் கேஸ்களில் சீராகிவிடும். புற்றுநோய் திரும்பாமல் இருப்பது அப்படியில்லை. வயிற்றைத் திறந்து செய்யும் புராஸ்டேட் அறுவை சிகிச்சையில் 2007-ல் வெளியான ஆய்வில், 10 கேஸ் அனுபவமுள்ள சர்ஜனிடம் ஐந்தாண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம், 250 கேஸ் அனுபவமுள்ளவரிடம் 10.7. "கற்றுக்கொண்டுவிட்டார்" என்று தியேட்டரில் தோன்றிய பிறகும் நெடுநாள் கற்றல் மிச்சமிருக்கிறது.

மலைக்கு வருவோம். கோவையில் செய்துகொண்டவர் மூன்றாவது, நான்காவது நாளில் யூரின் டியூபோடு ஊட்டிக்கோ பந்தலூருக்கோ திரும்புகிறார். சுடுபட்ட குடல் ஓட்டையாவது, தையல் கசிவது, உள்ளே ரத்தம் கட்டுவது, காலில் ரத்தம் உறைவது எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வெளிப்படும். நவம்பர் மழையில் குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் இறங்குவது கடினம். குடும்பம் பக்கத்து மருத்துவமனைக்கோ, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும். கூடலூர்ப் பக்கத்தவர் எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போவார்கள். அங்கே சிக்கல் சரிசெய்யப்படும். அந்தச் சேதி மட்டும் கோவை சர்ஜனின் கணக்குக்குப் போகாது. அவருடைய பதிவில் அந்த நோயாளி சிக்கலில்லாத கேஸ். கியூசம் கோட்டில் 0.1 கழிந்திருக்கும். தூரத்து நோயாளிகள் அதிகமுள்ள சர்ஜனின் கோடு உண்மையைவிட அழகாகத் தெரியும்.

சிக்கல்களைத் தரம் பிரிக்க 2004 முதல் புழக்கத்தில் உள்ள கிளாவியன்-டிண்டோ வகைப்பாடு போதும்: வலி, காய்ச்சல் மருந்து போன்றவற்றுக்கு மேல் தேவைப்படாதது 1, வேறு மருந்தோ ரத்தமோ கொடுத்தது 2, குழாய் செருகவோ மறுபடி தியேட்டருக்கோ போனது 3, தீவிர சிகிச்சைப் பிரிவு 4, இறப்பு 5. 30-வது நாளும் 90-வது நாளும் மருத்துவமனை நோயாளிக்குப் போன் செய்து, "வேறு எங்காவது காட்டினீர்களா?" என்று கேட்டு இந்த எண்ணைக் குறிக்க வேண்டும். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த ரோபோ, கன்சோலில் இருந்தது யார், எந்தப் பகுதியை யார் செய்தார், திறந்து செய்ய நேர்ந்ததா, சலைன் சோதனையில் கசிந்ததா, டியூப் எத்தனை நாள், இரவில் அழைக்க எந்த எண் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். கூடவே மலை டாக்டருக்கு ஒரு வரி, பெரிய எழுத்தில்: டியூப் அடைத்தாலோ கழன்று விழுந்தாலோ முதல் வாரத்தில் கண்மூடித்தனமாகப் புது டியூப் செருகாதீர்கள், முதலில் கூப்பிடுங்கள். அடைப்பென்றால் மெல்லக் கழுவிப் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு நல்லெண்ணத்தோடு செருகிய ஒரு டியூப் புதுத் தையலைப் பிய்த்துவிடும்.